முன்னாள் படைவீரர் சிகிச்சை நீதிமன்றம்: யார் சேரலாம், யார் சேர முடியாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் மகன் அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வந்த மூன்றாம் வருடம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மின்கம்பத்தில் மோதினான். யாருக்கும் அடிபடவில்லை, அந்த மட்டில் நிம்மதி. டெக்சாஸில் ஒரு கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியில், இந்த சிகிச்சை நீதிமன்றத்துக்குப் பதினெட்டு மாதம் போய் முடித்தான், முக்கால்வாசி நாள் நான்தான் காரில் கூட்டிப் போனேன். அதற்கப்புறம் யார் மூலமோ என் நம்பர் பரவி, டாலஸ், நியூ ஜெர்சி, சான் ஹோசே என்று எங்கெங்கோ இருந்து நம்மவர்கள் கூப்பிட்டு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள்.

அமெரிக்கப் படையில் தமிழர்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2009 முதல் 2016 வரை மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. பச்சை அட்டை என்கிற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இல்லாமல் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களைக்கூட மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அதில் போனவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்த பிள்ளைகளும்தான் இப்போது வெளியே வந்திருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. நேரில் பார்த்ததையும், சட்டங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைக் கேளுங்கள்.

1. வெட்டரன்ஸ் கோர்ட்னா என்ன? ராணுவம் நடத்துற கோர்ட்டா?

இல்லை. ராணுவம் நடத்துவது கோர்ட் மார்ஷல், பணியில் இருப்பவர்களை ராணுவச் சட்டப்படி விசாரிப்பது. இது சாதாரண ஊர் நீதிமன்றம்தான். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருநாள், முன்னாள் படைவீரர்களின் வழக்குகளை மட்டும் ஒரே நீதிபதி எடுத்துக்கொள்கிறார். தண்டனை கொடுத்து அனுப்பிவிடாமல், ஒன்று ஒன்றரை வருடம் சிகிச்சையில் வைத்து, மருந்து சாப்பிடுகிறானா, குடியை விட்டானா, வேலைக்குப் போகிறானா என்று நீதிபதியே நேரில் கேட்கிறார். முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம், அல்லது தண்டனை குறையலாம்.

நியூயார்க் மாநிலம் பஃபலோவில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் 2008 ஜனவரியில் ஆரம்பித்த நீதிமன்றம்தான் மற்றவற்றுக்கு முன்மாதிரி. அவர் ஏற்கெனவே போதை வழக்குகளுக்கும் மனநல வழக்குகளுக்கும் சிகிச்சை நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே வியட்நாம் போரில் இருந்த ஒருவர் வந்தார். நீதிபதி கேட்ட எதற்கும் தலை நிமிரவில்லை. அதே நீதிமன்றத்தில் வேலை பார்த்த, வியட்நாமுக்குப் போய் வந்த இரண்டு பேரை அழைத்து, வெளியே கூட்டிப்போய்ப் பேசச் சொன்னார் ரஸ்ஸல். திரும்பி வந்தபோது அந்த மனிதர் சிப்பாய் போல நிமிர்ந்து நின்று, முயற்சி செய்கிறேன் என்றாராம். அதனால்தான் இன்றும் இந்த நீதிமன்றங்களில் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு முன்னாள் படைவீரரை, சம்பளம் வாங்காத தொண்டரை, இணைத்துவிடுகிறார்கள். இப்போது நாடு முழுக்க 600க்கும் மேல் இருக்கின்றன.

2. சுருக்கமா சொல்லுங்க, யார் யார் சேரலாம்?

நான்கு விஷயம் பார்ப்பார்கள். அமெரிக்கப் படையில் இருந்தாரா, அல்லது இருக்கிறாரா. சிகிச்சை தேவைப்படும் பாதிப்பு இருக்கிறதா, அதாவது பிடிஎஸ்டி என்கிற போர் அதிர்ச்சி நோய், தலைக்காயம், மனச்சோர்வு, குடி, போதை மாதிரி. வழக்கு அந்த நீதிமன்றம் எடுக்கக்கூடிய வகையா. அப்புறம், அவரே மனமொத்து வருகிறாரா. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்க முடியாது.

நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது, குழப்பம் முழுக்க இதனால்தான் வருகிறது. மாநிலச் சட்டம் ஒன்று சொல்லும், அதற்குள் ஒவ்வொரு கவுண்டியும் தன் விதியை வைத்துக்கொள்ளும். ஒரு கவுண்டியில் கிடைத்தது பக்கத்துக் கவுண்டியில் கிடைக்காமல் போகலாம். நண்பர் பையனுக்குக் கிடைத்ததே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், கிடைக்கவில்லையே என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள்.

3. என் பையன் போருக்கே போகலை, ஸ்டோர்ல கணக்கு பார்த்துட்டு இருந்தான். அவனுக்கு எப்படி கொடுப்பாங்க?

போர்முனைக்குப் போயிருக்கவேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் விதியே இல்லை. சட்டம் கேட்பது ராணுவப் பணியால் வந்த பாதிப்பா என்பதைத்தான். பயிற்சியில் வண்டி கவிழ்ந்து தலையில் அடிபடலாம், கூட இருந்தவன் தற்கொலை செய்துகொண்டதைப் பார்த்திருக்கலாம், மேலதிகாரியே தவறாக நடந்திருக்கலாம்.

போருக்குப் போகாதவர்கள்தான் தனக்கு இதைக் கேட்கும் உரிமை இல்லை என்று தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். என் அண்ணன் மகனும் முதலில் அப்படித்தான் சொன்னான். அவன் இருந்தது வண்டி பழுதுபார்க்கும் பிரிவு. குண்டு வெடித்துத் திரும்பி வந்த வண்டிகளை உள்ளே கழுவிச் சுத்தம் செய்தது அவனும் அவன் கூட்டாளிகளும். அதை எங்களிடம் சொல்லவே அவனுக்கு நான்கு வருடம் ஆனது.

4. நேஷனல் கார்டு, ரிசர்வ் எல்லாம் கணக்குல வருமா? இன்னும் பணியில் இருக்குற ஆளுக்கு?

இவை அழைக்கும்போது பணிக்கு வரும் பகுதிநேரப் படைகள். பல மாநிலங்களில் கணக்கில் வரும். டெக்சாஸ் சட்டம் ரிசர்வ், நேஷனல் கார்டு, மாநிலக் காவல்படை எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கலிபோர்னியா சட்டமும் இருந்தவர், இருப்பவர் இருவரையும் சொல்கிறது. சில கவுண்டிகள் மட்டும் பணி முடிந்தவர்கள்தான் என்று வைத்திருக்கின்றன.

பணியில் இருப்பவருக்குச் சிகிச்சை ராணுவ மருத்துவமனை வழியாகப் போகும், விஏ வழியாக அல்ல. விஏ என்பது மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை, இனி அந்தப் பெயர் அடிக்கடி வரும்.

5. டிடி-214 தொலைஞ்சு போச்சு. அது இல்லாம சேர்க்க மாட்டாங்களாமே?

டிடி-214 என்பது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற சான்று. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பணி, என்ன வகை விடுவிப்பு எல்லாம் அதில் இருக்கும். தொலைந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து இலவசமாக வாங்கலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பவரின் ஆவணத்தைக் கேட்க அவரே கையெழுத்துப் போடவேண்டும், அப்பா அம்மா போட்டால் செல்லாது.

அது வருகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். விஏ ஆட்கள் தங்கள் கணினியிலேயே பணியை உறுதி செய்துவிடுவார்கள். சிறைகளும் நீதிமன்றங்களும் தங்களிடம் இருப்பவர்களின் பட்டியலைக் கொடுத்து, இதில் யார் முன்னாள் படைவீரர் என்று கண்டுபிடிக்க விஏ ஒரு சேவையே வைத்திருக்கிறது. பலர் தாங்களாகச் சொல்வதில்லை என்பதால்தான் அதை வைத்தார்கள்.

6. டிஸ்சார்ஜ் நல்லபடியா இல்லை. அப்போ அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. டிஸ்சார்ஜ், அதாவது படையிலிருந்து விடுவிப்பதில், படிகள் உண்டு. ஹானரபிள், அதற்கடுத்து ஜெனரல், பிறகு அதர் தேன் ஹானரபிள், அதற்கும் கீழே கோர்ட் மார்ஷல் மூலம் வரும் பேட் காண்டக்ட், டிஸ்ஹானரபிள். முதல் இரண்டு இருந்தால் நீதிமன்றமும் பெரும்பாலும் தடை சொல்லாது, விஏ சிகிச்சையும் கிடைக்கும். சிக்கல் மூன்றாவதில்தான். போதைச் சோதனையில் மாட்டிக்கொண்ட பையன்கள் பலருக்கு இதுதான் கொடுக்கப்படுகிறது. சில நீதிமன்றங்கள் விஏ சிகிச்சைக்குத் தகுதி இருந்தால்தான் சேர்ப்போம் என்கின்றன. வேறு சில, விஏ இல்லாவிட்டால் கவுண்டி மருத்துவமனையிலோ சொந்தக் காப்பீட்டிலோ சிகிச்சை எடுத்துக்கொள் என்று சேர்த்துக்கொள்கின்றன.

விஏ கதவும் முழுக்க மூடியதில்லை. மூன்றாவது வகையில் வந்தவர்களிலும் 100 நாளுக்கு மேல் பணியில் இருந்து போர்ப்பகுதிக்கும் போனவர்களுக்கும், படையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் மனநல சிகிச்சை கொடுக்க 2018இல் சட்டம் வந்தது. தற்கொலை எண்ணம் என்ற அவசரநிலைக்கு, விஏவில் பதியாதவர்களும் செலவில்லாமல் சிகிச்சை பெற 2023 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. டிஸ்சார்ஜையே உயர்த்தித் தரச் சொல்லி மனுப் போடலாம், 15 வருடத்துக்குள் என்றால் டிடி-293 படிவம். பிடிஎஸ்டி காரணமாக நடந்த தவறு என்றால் தாராளமாகப் பார்க்கவேண்டும் என்று 2014இலும் 2017இலும் பாதுகாப்புத் துறையே எழுதிக்கொடுத்திருக்கிறது. இந்த மனு முடிய நாளாகும். அதற்காக வழக்கு நிற்காது, ஆகவே இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்துங்கள்.

7. டாக்டர்கிட்டயே போனதில்லை, பிடிஎஸ்டின்னு எந்த பேப்பரும் இல்லை. எப்படி நிரூபிக்கிறது?

ஒவ்வொரு விஏ மருத்துவமனையிலும் நீதிமன்ற விஷயங்களுக்கென்று ஒரு சமூகப் பணியாளராவது இருப்பார், வெட்டரன்ஸ் ஜஸ்டிஸ் அவுட்ரீச் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், விஜேஓ என்பார்கள். அவர் சிறைக்கே வந்து பேசுவார், என்ன பாதிப்பு, எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று மதிப்பிட்டு நீதிமன்றத்துக்குச் சொல்வார். முன்பே எழுதிய பேப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வழி அடைபட்டது என்று அர்த்தமில்லை. கலிபோர்னியா சட்டத்தின் வாசகமே ‘பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்’ என்றுதான் இருக்கிறது.

கஷ்டமான இடம், அந்தப் பாதிப்புக்கும் இந்த வழக்குக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது. டெக்சாஸில் படைப்பணியால் வந்த பாதிப்புக்கு அந்தச் செயலில் பங்கு இருந்ததா என்று பார்ப்பார்கள். அது தெளிவாக இல்லாவிட்டாலும், இவரைத் திருத்துவதுதான் ஊருக்குப் பாதுகாப்பு என்று நீதிபதி கருதினால் சேர்க்க இன்னொரு வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் பார்த்ததை எழுதி வக்கீலிடம் கொடுங்கள். எங்கள் பையன் ஹோட்டலில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவான், ஜூலை 4 வாணவேடிக்கைக்குக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வான், இரவு முழுக்க முழித்திருந்து விடிந்ததும் குடிப்பான். இதையெல்லாம் பழக்கம் என்று நினைத்திருந்தோம். எழுதிக் கொடுத்தபிறகுதான் அந்தப் பணியாளர் சரியான கேள்விகளைக் கேட்டார்.

8. எந்த மாதிரி கேஸ் எடுப்பாங்க?

குடித்துவிட்டு ஓட்டியது, போதைப்பொருள் வைத்திருந்தது, சிறு திருட்டு, அத்துமீறி நுழைந்தது, கைகலப்பு போன்றவை அதிகம். பெரிய குற்றங்களையும் எடுக்கும் நீதிமன்றங்கள் உண்டு. கலிபோர்னியாவில் 2015இல் வந்த சட்டம் சிறு குற்றங்களுக்கு மட்டும் இருந்தது, 2025 தொடக்கத்திலிருந்து பெருங்குற்றங்களுக்கும் நீட்டியிருக்கிறார்கள். கொலை, பாலியல் குற்றம் போன்றவை அதிலும் கிடையாது, வேறெங்கும் கிடைக்கும் என்று எண்ணவும் வேண்டாம்.

ஓட்டுநர் உரிமம் தனி விஷயம். நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்தாலும் போக்குவரத்துத் துறை உரிமத்தை முடக்கலாம், கலிபோர்னியா சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அப்புறம், விஏ மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்த சண்டை மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம், கவுண்டி நீதிமன்றம் அதைத் தொடாது. யூட்டாவில் 2010 முதல் மத்திய நீதிமன்றத்திலேயே இப்படி ஒன்று நடந்தது, ஆனால் அவை மிகக் குறைவு.

9. மனைவியை அடிச்சுட்டான்னு கேஸ். இதையும் எடுப்பாங்களா?

சில இடங்களில் எடுப்பார்கள், சில இடங்களில் கதவருகிலேயே திருப்பி அனுப்புவார்கள். எடுக்கும் இடங்களில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பும் அவர் கருத்தும் பார்க்கப்படும், வன்முறைத் தடுப்பு வகுப்பு தனியாக இருக்கும், நெருங்கக்கூடாது என்ற உத்தரவும் தொடரும். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்தக் கேள்வியோடு வருகிற மாமியார் மாமனார் சிலர், மருமகளைப் பேசிச் சமாதானப்படுத்தி வழக்கை வாபஸ் வாங்க வைக்கலாமா என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அது சாட்சியை மிரட்டிய குற்றமாகப் போகும், அதைவிட, அடிபட்டவள் அவள்.

இன்னும் படையில் இருப்பவர் என்றால் இங்கே கவனம் வேண்டும். குடும்ப வன்முறையில் சிறு குற்றத் தீர்ப்பு வந்தாலே துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று 1996 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது, ராணுவத்துக்கும் விலக்கில்லை. துப்பாக்கி தொடமுடியாத சிப்பாய்க்கு வேலை இல்லை. அதனால் தீர்ப்பு பதிவாகாத வழி அந்தக் கவுண்டியில் உண்டா என்பதை வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

10. என் தங்கச்சிக்கு உள்ளேயே தப்பா நடந்திருக்கு. புகார் எதுவும் கொடுக்கலை. இதெல்லாம் கோர்ட்ல எடுபடுமா?

எடுபடும். டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டு சட்டங்களும் படையில் நடந்த பாலியல் வன்முறையைத் தனியாகப் பெயர் சொல்லியே தகுதியாக வைத்திருக்கின்றன. விஏவும் இதற்கான சிகிச்சைக்குப் புகார் நகல், ஆதாரம் எதுவும் கேட்பதில்லை. விஏ மருத்துவர்கள் கேட்கும்போது மூன்று பெண்களில் ஒருவர், ஐம்பது ஆண்களில் ஒருவர் நடந்தது என்கிறார்கள். ஆண்களில் பலர் வாய்திறப்பதே இல்லை.

திறந்த நீதிமன்றத்தில் அதைச் சொல்லவேண்டியதில்லை. வக்கீலிடமும் விஜேஓ பணியாளரிடமும் தனியறையில் சொன்னால் போதும். ஆண்கள் நிறைந்த அந்த அறையில் நிற்பதே சில பெண்களுக்குக் கஷ்டம், துணைக்கு இணைக்கும் தொண்டர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று கேட்கலாம்.

11. பச்சை அட்டைதான் இருக்கு, சிட்டிசன் ஆகலை. சேரலாமா?

சேரலாம். குடியுரிமை தகுதிக்கான நிபந்தனை இல்லை, படைப்பணிதான் நிபந்தனை. ஆபத்து சேருவதில் இல்லை, சேருகிற முறையில் இருக்கிறது. சில நீதிமன்றங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சேர்க்கும், பதினெட்டு மாதம் முடித்தபின் வழக்கைத் தள்ளுபடி செய்யும். மாநிலத்தைப் பொறுத்தவரை வழக்கே இல்லை என்று ஆகிவிடும். குடிவரவுச் சட்டம் அதை ஏற்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டிருந்தால் அதற்கு அது தண்டனைதான், பின்னால் தள்ளுபடி ஆனாலும். போதைப்பொருள் வழக்கு என்றால் நாடுகடத்தும் அளவுக்குப் போகலாம். ஒப்புக்கொள்ளாமலே சேருகிற முறை கலிபோர்னியா சட்டத்தில் இருக்கிறது. வேறு இடங்களில் கவுண்டியைப் பொறுத்தது, உண்மைகளை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கும் இடங்களும் உண்டு, அந்தத் தாளும் ஆபத்தானதே.

பதில்களிலேயே இதைத்தான் அதிகம் வற்புறுத்திச் சொல்வேன். ஹோசே பதியா என்பவர் ஹோண்டுராஸில் பிறந்தவர், 40 வருடத்துக்கு மேல் பச்சை அட்டையோடு இங்கே வாழ்ந்தவர், வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இவ்வளவு வருடம் இருந்துவிட்டாய், கவலைப்படாதே என்று வக்கீல் சொன்னதை நம்பிப் போதை வழக்கில் ஒப்புக்கொண்டார், நாடுகடத்தும் நிலை வந்தது. அவர் வழக்கில்தான் 2010இல் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொள்ளுமுன் இந்த ஆபத்தைச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துக்கு முன் குடிவரவு வக்கீலிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள்.

படைப்பணி மூலம் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொத்தம் ஐந்து வருட நல்ல பணி முடிப்பதற்குள் ஆறாம் கேள்வியில் சொன்ன மூன்றாவது வகையிலோ அதற்குக் கீழோ டிஸ்சார்ஜ் ஆனால், வாங்கிய குடியுரிமையையே திரும்பப் பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. வெளியே ஒரு வழக்கு வந்ததால் மட்டும் அது போகாது. பணியில் இருக்கும்போது வழக்கு வந்து அதனால் டிஸ்சார்ஜ் கெட்டால்தான் அந்தச் சிக்கல்.

12. அப்பா இந்திய ராணுவத்துல இருபது வருஷம் சுபேதார். இங்க வந்து ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டார். அவருக்கு உண்டா?

பெரும்பாலும் இல்லை. கலிபோர்னியா, டெக்சாஸ் உட்படப் பல சட்டங்கள் அமெரிக்கப் படை என்றே சொல்கின்றன. ஃபுளோரிடா மட்டும் கொஞ்சம் அகலமாக வைத்திருக்கிறது, நட்பு நாட்டுப் படையில் இருந்தவர்கள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தப் பணியாளர்கள் ஆகியோரையும் அதன் சட்டம் சேர்க்கிறது. நட்பு நாடு என்பதில் எந்த நாடு அடங்கும் என்பதை அங்கே நீதிபதியிடம்தான் வாதாடவேண்டும்.

ஆனால் அப்பாவுக்கு உண்மையிலேயே மனப் பாதிப்பு இருந்தால் வேறு கதவுகள் இருக்கின்றன. மனநல நீதிமன்றமும் போதை சிகிச்சை நீதிமன்றமும் எந்த நாட்டுச் சீருடையையும் கேட்பதில்லை. கலிபோர்னியாவில் 2018 முதல் மனநல சிகிச்சைக்காக வழக்கை நிறுத்திவைக்கும் தனிச்சட்டம் இருக்கிறது, பிடிஎஸ்டியும் அதில் அடங்கும். விசாவில் வந்திருப்பவர் என்றால் பதினோராம் கேள்வியின் எச்சரிக்கை இவருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

13. எங்க கவுண்டியில இப்படி ஒரு கோர்ட்டே இல்லை. அல்லது, வேற மாநிலத்துல போய் மாட்டிக்கிட்டான். என்ன செய்யறது?

வழக்கு நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. ஆனாலும் மாற்றிக்கொள்ளும் வழி சில மாநிலங்களில் உண்டு, டெக்சாஸில் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் கவுண்டியின் திட்டத்துக்கு மாற்றச் சட்டம் அனுமதிக்கிறது. மாநிலம் தாண்டி மாற்றுவது கடினம், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

நீதிமன்றமே இல்லாத ஊரிலும் விஜேஓ பணியாளர் உண்டு. அவர் போடும் சிகிச்சைத் திட்டத்தை வக்கீல் சாதாரண நீதிபதி முன் வைத்து, இதையே புரொபேஷன் (சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு) நிபந்தனையாக வையுங்கள் என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் தீர்ப்புக்குப் பிறகும் படைப்பணிப் பாதிப்பைக் கருத்தில் கொள்ளச் சொல்லித் தனிப்பிரிவு இருக்கிறது.

14. எல்லாத் தகுதியும் இருக்கு, ஆனா அரசு வக்கீல் முடியாதுன்னுட்டார். அப்பீல் பண்ணலாமா?

மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் அரசு வழக்கறிஞர் சம்மதம் இல்லாமல் நுழைய முடியாது, தகுதி என்பது உரிமை ஆகாது. கலிபோர்னியாவில் முடிவு நீதிபதி கையில், அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் நீதிபதி அனுமதிக்கலாம்.

சம்மதம் தேவைப்படும் இடங்களில் முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள். ஏன் என்று உங்கள் வக்கீல் கேட்கட்டும். பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும், சேதத்துக்குப் பணம் கட்டவில்லை, அடிபட்டவரிடம் யாரும் பேசவில்லை, சிகிச்சை ஆரம்பிக்கவே இல்லை என்பதுபோல. நீதிமன்றம் சொல்லுமுன் தானாகவே சிகிச்சையில் சேர்ந்து ஆறு வாரம் ஒழுங்காகப் போன தாளோடு மறுபடி கேட்டவருக்குச் சம்மதம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

15. அஞ்சு நாள் ஜெயில், கொஞ்சம் அபராதம்னு முடியற கேஸுக்கு ஒன்றரை வருஷம் அலையணுமா?

நியாயமான கேள்வி. எல்லோருக்கும் இது பொருந்தாது. முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிமன்றம், வாரத்துக்கு இரண்டு மூன்று சிகிச்சைக் கூட்டம். தினமும் காலையில் ஒரு நம்பருக்குப் போன் செய்யவேண்டும், இன்று உன் முறை என்று வந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சிறுநீர்ச் சோதனை கொடுக்கவேண்டும். எங்கள் பையன் ஒரு வேலையை இதனால் இழந்தான்.

இந்த நீதிமன்றங்களும் நோய் முற்றியவர்களை, விட்டால் திரும்ப மாட்டிக்கொள்வார்கள் என்று தோன்றுபவர்களைத்தான் முக்கியமாகத் தேடுகின்றன. லேசான பிரச்சினை உள்ளவரை இந்தக் கடுமைக்குள் போட்டால் நன்மையைவிடக் கெடுதல்தான் என்பது போதை நீதிமன்றங்களின் நீண்ட அனுபவம். ஆகவே ‘உனக்கு இவ்வளவு தேவையில்லை’ என்று சொல்லித் தகுதியில்லை என்பதும் நடக்கும். ஆனால் ஐந்து நாளில் முடியும் வழக்கு ஆயுசு முழுக்கப் பதிவில் நிற்கும், குடியும் நிற்காது. இரண்டாவது வழக்கு ஐந்து நாளில் முடியாது.

16. நடுவுல மறுபடி குடிச்சுட்டான்னா தூக்கிடுவாங்களா? முன்னாடியே ஒரு கேஸ் இருந்தா சேர்க்க மாட்டாங்களா?

ஒருதடவை வழுக்கியதற்காக யாரையும் வெளியே தள்ளுவதில்லை. சமூகப் பணி, முந்தைய கட்டத்துக்குத் திருப்பி அனுப்புவது, சில நாள் சிறை என்று படிப்படியாகப் போகும். குடித்ததைவிட, குடிக்கவில்லை என்று பொய் சொன்னதற்குத்தான் கடுமை அதிகம். ஏழாம் மாதம் எங்கள் பையன் குடித்துவிட்டு மறுநாள் காலை தானாகவே போய்த் துணைக்கு இருந்த தொண்டரிடம் சொன்னான். அவர் மரைன் படையில் இருந்த எழுபது வயதுக்காரர், அவனோடு நீதிபதி முன்னால் போய் நின்றார். இரண்டு நாள் சிறை, கூடுதல் கூட்டங்கள், அவ்வளவுதான். புதிதாக ஒரு வழக்கு வந்தாலோ, வராமல் தலைமறைவானாலோ வெளியே அனுப்பலாம். முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு சேர்ந்திருந்தால் நேரே தண்டனைதான்.

பழைய வழக்கு இருப்பதே தடை இல்லை, வன்முறை வழக்குகள் இருந்தால் யோசிப்பார்கள். ஒருமுறை இதே நீதிமன்றத்தில் முடித்தவருக்கு இரண்டாம் வாய்ப்பு கவுண்டி விதிப்படி.

17. இதுல சேர்ந்தா விஏ பணம் நின்னுடுமா?

சேர்ந்ததால் நிற்காது. ஊனத்தொகையைப் பாதிப்பது சிறை. பெருங்குற்றத் தீர்ப்பில் உள்ளே போனால் 61ஆம் நாளிலிருந்து, ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டவருக்கு 10 சதவீத ஊனத்துக்கான தொகைதான் வரும். மிச்சத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பெருங்குற்ற வாரண்ட் நிலுவையில் இருக்கும்போது தலைமறைவாக இருந்தாலும் பணம் நிற்கும்.

18. ஊர்ல, சங்கத்துல எல்லாம் தெரிஞ்சுடுமா?

நீதிமன்றம் திறந்ததுதான், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஆனால் யாரும் வருவதில்லை. மருத்துவ விவரங்கள் அவர் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் போகும். முடித்தபிறகு பதிவை அழிக்கவோ மூடிவைக்கவோ பல மாநிலங்களில் வழி இருக்கிறது, டெக்சாஸில் விசாரணைக்கு முன்பே சேர்ந்து முடித்தவர்கள் அழிக்கக் கேட்கலாம். அது தானாக நடக்கும் என்று இருக்காதீர்கள், மனு போட்டார்களா என்று பாருங்கள்.

19. உள்ளே இருக்கான், முன்னாள் ராணுவம்னு சொல்லவே மாட்டேங்கிறான், அவமானம்னு. நாங்க சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லுங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. நாளாக ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் பேசி முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், அப்புறம் கதவைத் திறப்பது கடினம். அரசு நியமித்த வக்கீலுக்கு ஒரே சமயத்தில் எத்தனையோ வழக்குகள், அவராகக் கேட்பார் என்று இருக்கவேண்டாம். பெயர், பிறந்த தேதி, எந்தப் படைப்பிரிவு, எந்த வருடங்கள் என்று எழுதிக் கொடுங்கள். சிறைச்சாலைப் பதிவிலும் முன்னாள் படைவீரர் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து விஏ மருத்துவமனைக்குப் போன் செய்து விஜேஓ பணியாளரைக் கேளுங்கள், பெற்றோர் கூப்பிட்டாலும் கேட்டுக்கொள்வார். அவன் சம்மதம் தராமல் அவனைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்லமாட்டார், கோபப்படாதீர்கள், அவனைப் பார்க்க அவர் போவார். வெளியே இருக்கிறான், உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றால் எந்நேரமும் 988 அடித்து 1ஐ அழுத்துங்கள், படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண் அது, குடும்பத்தார் கூப்பிட்டாலும் பேசுவார்கள். அவனிடம் பேசும்போது வழக்கைப் பற்றி ஆரம்பிக்கவேண்டாம், சிறைத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், வக்கீல் வரும்போது எந்தப் பிரிவில் இருந்தாய் என்பதை மட்டும் அவரிடம் சொல் என்று சொல்லுங்கள்.